பின்னேர வெயில் பூசிய சுவர்

விற்பனைக்கென்று நான் முதன்முதலாகப் படம் பிடித்தது அம்மாவின் மோர்மிளகாயை. அதைப் பேஸ்புக்கில் போட்ட அன்றைக்கே யாரோ ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "ஆட்டுப் புழுக்கை எருவுக்கு நல்லதுதான். மூட்டையாகக் கிடைக்குமா?"

அம்மாவின் மோர்மிளகாய் அப்படி இளப்பமான சாமான் அல்ல. எருமைத் தயிரில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, எங்கள் ஊரான குருக்கள்மடத்து வெயிலில் நன்றாகக் கறுக்கும்வரை காயவைப்பார். பொரித்துச் சோற்றோடு கடித்தவர்கள் அடுத்த கிழமையும் தேடி வருவார்கள். நான் செய்ததெல்லாம் அதை ஓர் எவர்சில்வர் தட்டில் கொட்டி, கூடத்து ரியூப்லைட்டுக்குக் கீழே வைத்து, போனின் பிளாஷையும் போட்டு, நின்றபடியே ஒரு படம் எடுத்ததுதான். தட்டு பஸ்ஸின் முன்விளக்குப் போல எரிந்தது. மிளகாய் கறுப்பு உருண்டைகளாகக் கிடந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபம் தந்தது.

கோபம் வந்தால் சிலர் சாப்பிடாமல் படுப்பார்கள். சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். எனக்கு அவமானம் பட்ட இடத்திலேயே நின்று, அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, அவமானப்படுத்தியவரின் வாயை அடைத்தால்தான் சோறு இறங்கும். அந்த ஆள் திரும்ப வந்து பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம். நான் கற்றுக்கொண்டேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றேன். எங்கேயோ தூர தேசங்களில் இருந்து பாடம் சொன்னவர்களிடம் எங்கள் கூடத்தை விடப் பெரிய விளக்குகள் இருந்தன. ஒரு வாசனைச் சவர்க்காரத்தைப் படம் பிடிக்க அவர்கள் செலவழித்த மின்சாரத்தில் எங்கள் தெருவே கலியாண வீடு நடத்தலாம். ஒரே ஒருவர் மட்டும், "உங்களிடம் ஒரு யன்னல் இருந்தால் போதும்" என்றார். யன்னல் எங்களிடம் இருந்தது. வாவிப் பக்கம் பார்த்த யன்னல். நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றின் மேலே பட்டு வரும் பின்னேர வெளிச்சம் எங்கள் வீட்டுக்குள் இத்தனை காலமாக இலவசமாக வந்து, கதிரைகளின் மேல் விழுந்து, வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சம் முன்னால் இருந்து வரக்கூடாது என்பது முதற்பாடம். முன்னால் இருந்து வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே அளவாகக் காட்டி, ஒன்றையும் காட்டாமல் விட்டுவிடும். பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். மிளகாயை யன்னலுக்குப் பக்கத்தில் வைத்தபோது அதன் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றன. உப்புப் படிந்திருப்பது தெரிந்தது. காம்பு தெரிந்தது. வெயில் காட்டமாக இருந்ததால் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை யன்னலில் கட்டினேன். வெளிச்சம் பால் கலந்தது போல மெதுவானது. மறுபக்கத்து இருட்டைப் போக்க, பால்மாப் பக்கட்டைப் பிரித்து அதன் உட்பக்க வெள்ளித்தாளை பெட்டிச் சாமான்களோடு வரும் வெள்ளை றிஜிபோம் துண்டொன்றில் ஒட்டி நிறுத்தினேன்.

அம்மா யன்னலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னகா இது, வெள்ளை கட்டி வச்சிரிக்காய்? றோட்டால போறவங்க செத்த வீடெண்டு நினைச்சு உள்ளுக்கு வந்திரப் போறாங்க."

"வந்தா மோர்மிளகாய் விப்பம்" என்றேன்.

அடுத்தது எதை எங்கே வைப்பது என்ற பாடம். அதில் நான் தடுக்கி விழுந்த இடங்கள் அதிகம். முதலில் மிளகாயோடு குத்துவிளக்கு, செவ்வரத்தம்பூ, தேங்காய்ப்பாதி, ஒரு பனையோலைப் பெட்டி எல்லாவற்றையும் வைத்தேன். படத்தைப் பார்த்த தங்கச்சி, "ஆருக்குப் படையல்?" என்று கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன். விளக்கை எடுத்தேன், படம் கொஞ்சம் மூச்சு விட்டது. பூவை எடுத்தேன். கடைசியில் ஒரு சின்ன வெள்ளைக் கோப்பையும், கொஞ்சம் மிளகாயும், ஓரத்தில் சோற்றுக் கோப்பையின் விளிம்பும், மிச்சமெல்லாம் வெறும் இடமும் என்று நின்றது. அம்மாவுக்கு அந்த வெறும் இடம்தான் தாங்கவில்லை. சாமான் தீர்ந்துவிட்டது என்று சனம் நினைக்கும் என்றார். சனம் அப்படி நினைக்கவில்லை. மிளகாய் உண்மையிலேயே தீர்ந்துபோனது.

அதற்குப் பிறகு ஆட்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். பன்புல்லில் பை பின்னுகிறவர்கள் வந்தார்கள், சவர்க்காரம் செய்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள், வந்தாறுமூலைப் பக்கமிருந்து ஒரு தயிர்க்காரம்மா வந்தார். பழைய கமரா ஒன்றும் வாங்கினேன். தயிர்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. கரண்டி பட்ட உடனே தண்ணீர் விட்டுக் கலங்கிப்போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில், தங்கச்சிக்கென்று அரைகுறையாக நின்ற வீட்டின் சுவருக்குப் பூச வாங்கிவைத்த வோல்புட்டியைத் தண்ணீரில் குழைத்துச் சட்டியில் ஊற்றி, அகப்பையால் ஒரு கிண்டு கிண்டிப் படமெடுத்தேன். அப்படி ஒரு தயிரை எந்த எருமையும் தந்திருக்காது. தயிர்க்காரம்மா படத்தைப் பார்த்து, "என்ட தயிர் இவ்வளவு கட்டியா?" என்று தானே பூரித்துப் போனார். அம்மா விரலை விட்டு நக்கப் போனதைத் தடுக்கத்தான் நான் ஓட வேண்டியிருந்தது.

இப்படியாக எனக்கு ஒரு கொள்கை பிறந்தது. எந்தச் சாமானுக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்கும். அதைக் கண்டுபிடி. வெளிச்சத்தை அந்தப் பக்கம் விழவை. மிச்சத்தைப் படத்தின் நாலு கரைக்கும் வெளியே விட்டுவிடு. இதைச் சாமான்களைப் பற்றிய அறிவு என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை ஒரு பையோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், வந்ததும் பார்ப்பது சுவரையும் கூரையையும்தான். பழைய வீடு மூத்தவளான எனக்கு வந்தது. அம்மாவும் என்னோடுதான். அதே வளவில், ஆற்றுப் பக்கம் பார்த்தபடி தங்கச்சிக்கென்று ஒரு கல்வீடு தொடங்கினார் அப்பா. முடிக்கும் முன் அவர் முடிந்துபோனார்.

அந்த வீட்டின் முகம் மட்டும் பூசப்பட்டிருந்தது, அதுவும் வெறும் சீமெந்துச் சாம்பல் நிறம். கூடத்துக்குச் சீமெந்து நிலம் இழுத்தாயிற்று. ஓர் அறைக்கு யன்னல் இருந்தது. மற்ற அறையில் கல் அடுக்கிக் கிடந்தது. இடப்பக்கம் குசினி. குசினிக்கு நாலு சுவர் இருந்தது, யாரோ சொந்தக்காரர் தந்த நல்ல முதிரை மரக் கதவு இருந்தது, கூரை இல்லை. மழை நேரே உள்ளே பெய்ததில் நடுக்குசினியில் ஒரு பப்பாசி முளைத்து, சுவருக்கு மேலே தலையைத் தூக்கி ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்னே வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்தப் பப்பாசியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போயின. தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் தின்றார்கள், குசினிக் கதவைத் திறந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். தங்கச்சி ஒவ்வொரு முறையும் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்காமல் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்போதுதான் கல்குடாவிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் ஒரு வாகனத் திருத்தகத்தில் வேலை. தாய் மட்டும். தரகர் மாப்பிள்ளையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நான் தொழில்காரியாயிற்றே, படத்தை வாங்கி உடனே தீர்ப்புச் சொன்னேன்.

"இத எடுத்தவனுக்குப் படமெடுக்கத் தெரியா. ஆளைக் கரைக்குத் தள்ளிட்டு நடுவில வாகனத்த வச்சிரிக்கான். பாதி உடம்பு வாகனக் கதவுக்குப் பின்னால. வாகனத்துக்கா கலியாணம்?"

"முகம் வடிவா விழுந்திரிக்குத்தானே" என்றாள் தங்கச்சி. போனைத் திருப்பித் தர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை அம்மாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். இது தட்டிப்போகக்கூடாது என்று அந்த இடத்திலேயே இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் முடிவெடுத்துவிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்கு இரண்டு படங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று பெண்ணின் படம். மற்றது வீட்டின் படம். தாய்க்கு முழங்கால் வருத்தமாம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது ஒரேயடியாக வந்து பார்ப்பார்களாம்.

"புள்ளைட படத்த ஆரும் எடுப்பாங்க" என்றார் அம்மா. "நீ வீட்ட எடு. புட்டியத் தயிராக்கினவள்தானே நீ."

அது புகழ்ச்சியா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நின்ற இடத்தை மட்டும் கவனமாகத் தெரிந்தெடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அவைதான் திறம். வெயில் ஆற்றுக்கு மேலே சரிந்து வரும்வரை காத்திருந்தேன். சாம்பல் சுவரில் அந்த வெளிச்சம் பட்டதும் சுவர் பொன்னாகிவிட்டது. வலப்பக்கம் கீழே குந்தியிருந்து, வீடு உயரமாகத் தெரியும்படி எடுத்தேன். குசினி இடப்பக்கக் கரைக்கு வெளியே போனது. பப்பாசியின் தலையை மட்டும் முழுதாக வெளியே தள்ள முடியவில்லை. இரண்டு இலை மேல் மூலையில் எட்டிப் பார்த்தது, தோட்டம் உள்ள வீடு போல அதுவும் அழகாகத்தான் இருந்தது. உள்ளே யன்னலுள்ள அறையை இரண்டு மூலைகளில் நின்று, திரைச்சீலையை மாற்றிக் கட்டி எடுத்தேன். யாரும் இரண்டு அறை என்று சொல்லவில்லை. இரண்டு படம் அனுப்பினோம், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் தங்கச்சி போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அரைகுறை வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பதைக் கண்டேன். கூடத்தில் நிற்பாள், குசினிக்குள் போவாள், அண்ணாந்து பார்ப்பாள். கவரேஜ் தேடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வளவில் கவரேஜ் குறைவுதான்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் தாய் அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா போனைச் சத்தமாக வைத்தார்.

"வீட்டைப் பாத்தம் மச்சாள். நல்ல வீடு. பக்கத்தில பப்பாசியும் நிக்குது, நல்ல வளவு. சுவருக்கு அடிச்சிரிக்கிற நிறம்தான் எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கு. எங்கட வீட்டுக்கும் அதையே அடிக்கணும். பேரக் கேட்டு வைங்க."

போன் வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தக் கமராவாலும் எடுத்திருக்க முடியாது.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே கிழமைகளில் வந்தன. அதுவரை சாமானைப் பார்த்துப் படம் எடுத்தவள் நான். இப்போது படத்தைப் பார்த்துச் சாமான் செய்ய வேண்டியிருந்தது. மாப்பிள்ளை லீவில் வருவதற்குள் அந்த வீடு என் படத்தைப் போல ஆகிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சீமெந்துக் கையோடு நின்றார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒவ்வொரு கல்லைத் தூக்கும்போதும் என்னை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு பெயின்ட் கடைக்குப் போனேன். போனில் படத்தைக் காட்டி, இந்த நிறம் வேண்டும் என்றேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியைப் போட்டார். கடையின் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நிற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்தார். பிறகு போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"தங்கச்சி, இது பெயின்ட் இல்ல. வெயில்."

"எனக்குத் தெரியும் அண்ணே. அது மாதிரி ஒண்டு தாங்க."

அது மாதிரி ஒன்றை அவர் கலந்து தந்தார். பூசிப் பார்த்தால், காலையில் சுவர் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. மத்தியானம் கண்ணைக் குத்தியது. பின்னேரம் உண்மையான வெயிலும் மேலே விழுந்து, வீடு முழுக்கச் செவ்விளநீர் நிறத்தில் ஜொலித்தது. ஆற்றில் போன தோணிக்காரர் ஒருவர் துடுப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். குசினிக்குக் கூரை போட வழி வரவில்லை. மேலே படங்கு விரித்துக் கட்டலாம் என்றார் அம்மா, பப்பாசி விடவில்லை. அதை வெட்டலாம் என்றால், அந்தத் தாய் பப்பாசியைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்ற பயம். கடைசியில் முதிரைக் கதவை இழுத்துச் சாத்தி, துருப்பிடித்த பூட்டொன்றைத் தொங்கவிட்டோம். கேட்டால், சாவியை மூத்த மருமகன் ஞாபகமில்லாமல் கொண்டு போய்விட்டார் என்று சொல்வது. அதற்காக என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சந்தியில் போய் நிற்பது.

தங்கச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் மட்டும், "அக்கா, இவ்வளவு கஷ்டப்படாத" என்றாள். "பறையாம இரி" என்று அவள் வாயை அடைத்தேன் நான்.

அவர்கள் வருகிற நாளில் பின்னேரம் வரச்சொல்ல வேண்டும் என்று நான் தலைகீழாக நின்றேன். அந்த வீட்டுக்கு நல்ல பக்கம் மட்டுமல்ல, நல்ல நேரமும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் நாள் பார்த்தவர் குறித்த சுபநேரம் உச்சி மத்தியானத்தில் வந்து விழுந்தது. நாள் பார்க்கிறவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வான் வந்து நின்றது. முதலில் தாய் இறங்கினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பிறகு மாப்பிள்ளை. படத்தில் இருந்ததை விட மெலிவு. வலக்கையால் தாயைப் பிடித்து இறக்கினார். இடக்கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. வெளிநாடு போய்வந்தவர்களின் நடப்பு என்று நினைத்தேன்.

தலைக்கு மேலே வெயில். சுவர் பச்சை மஞ்சளாக எரிந்தது. நான் அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சுவரைப் பார்ப்பார், இப்போது இடப்பக்கம் திரும்புவார், இப்போது பூட்டைக் காண்பார் என்று காத்திருந்தேன். அவர் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேத்தண்ணியோடு வந்த தங்கச்சியைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். வீட்டைப் பார்க்கவே இல்லை.

தேத்தண்ணி முடிந்தது. பலகாரம் முடிந்தது. குசினியைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. இவ்வளவு பெயின்ட் அடித்திருக்கிறோமே, ஒரு வார்த்தையாவது சொல்லக்கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தானாகவே வாயைக் கொடுத்தார்.

"வாங்களன் மச்சாள், வீட்டச் சுத்திப் பாப்பம்."

"என்னத்துக்கு மச்சாள், படத்தில பாத்ததுதானே" என்று அவசரமாகச் சொன்னார் அவர். எழும்பவில்லை.

பிறகு அம்மா வெற்றிலை அடுக்கிய பித்தளை வட்டாவை எடுத்துவந்தார். முதலில் தாய்க்கு நீட்டினார், அவர் தொட்டுக் கும்பிட்டார். அடுத்தது மாப்பிள்ளைக்கு. வட்டாவை ஒற்றைக்கையால் வாங்குவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. மாப்பிள்ளை எழுந்து நின்றார். இடக்கையைப் பையிலிருந்து எடுத்தார். அதில் முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்று சுற்றியிருந்தது. அதை மெதுவாக அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

இடக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும்தான் இருந்தன.

அந்தத் தாய் வட்டாவைப் பார்க்கவில்லை, மகனின் கையையும் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்து இறங்கியதிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் முகங்களைத்தான், நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது போலவே. பாதி உடம்பை வாகனக் கதவுக்குப் பின்னால் மறைத்த அந்தப் படம் என் கண்ணுக்குள் வந்தது. எடுத்தவனுக்குப் படமெடுக்கத் தெரியாது என்று நான் சொன்ன அந்தப் படம்.

வட்டாவை நீட்டியபடியே நின்றார் அம்மா. கதவு நிலையில் நின்ற தங்கச்சிதான் பேசினாள்.

"அது எனக்குத் தெரியும் மாமி. மெசினில அம்பிட்டது. தரகர்ட்ட நம்பர் வாங்கி, முதல் நாளே வீடியோ கோல்ல காட்டினவர்."

"வீடியோ கோலா?" என்றார் அம்மா. கையை விட அதுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. "வீடியோ கோல் கதைச்ச நீயா?"

"அவவும் எனக்குக் குசினியக் காட்டினவ" என்றார் மாப்பிள்ளை, தங்கச்சியைக் காட்டிக்கொடுக்கிறோம் என்றே தெரியாமல்.

"குசினியா? குசினிக்கு என்ன?" என்றார் அவருடைய தாய்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தங்கச்சி இறங்கி நடந்தாள். பூட்டு சும்மாதான் தொங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை எடுத்துப் போட்டுவிட்டு முதிரைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே வானம் தெரிந்தது. நடுவில் பப்பாசி, நிறையக் காயோடு.

தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"இதுதானா அந்தப் பப்பாசி?"

அவர் பக்கத்தில் கிடந்த சீமெந்துப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார்.

"இந்த நாளெல்லாம் நான் ஒழுங்கா நித்திர கொள்ளல்ல மச்சாள். கதவுக்குப் பின்னால நில்லடா, பின்னால நில்லடா எண்டு நான்தான் போன்ல சொல்லிச் சொல்லி அந்தப் படத்த எடுப்பிச்சது. இஞ்ச வந்து, கையக் கண்டா என்ன சொல்லுவாங்களோ, என்ட புள்ளைட முகத்துக்கு நேர என்ன சொல்லுவாங்களோ எண்டு..."

அம்மா வட்டாவை என் கையில் திணித்துவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாங்களும்தான் மச்சாள்" என்றார். பிறகு, "குசினிக்குக் கூர போடலாம். மெல்ல மெல்லப் போடலாம்" என்றார்.

"கூர போடலாம் மாமி. விரலத்தான் போட ஒண்ணாது" என்றார் மாப்பிள்ளை, சிரித்துக்கொண்டு.

அதுவரை அழாமல் இருந்த அம்மா அப்போது அழுதார். எனக்கோ அழுகையோடு கோபமும்தான். இத்தனை பாடுபட்டு வெளிச்சம் பார்த்து, மூலை பார்த்து நான் எடுத்த படங்கள் கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பேரில் ஒருவரைக்கூட ஏமாற்றவில்லை. அவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, நாங்கள் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சந்தியில் வெயிலில் நின்ற என் வீட்டுக்காரரை வரச்சொல்லிப் போன் எடுத்தோம். எல்லோருமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் அந்தத் தாய். நான் கமராவோடு வந்தேன். உச்சி வெயில். கண்குழிகளில் கறுப்பு விழும். சுவர் பின்னால் பந்தம் போல எரியும். பின்னேரம்வரை பொறுப்போம் என்றேன். கல்குடா போய்ச்சேர நேரமாகும் என்றார்கள்.

வரிசையாக நின்றார்கள். அம்மா, தன்னை அறியாமலே, எல்லோரையும் வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார், குசினி விழாத பக்கமாக. மறுபக்கம் அந்தத் தாய் மகனின் இடத்தோளைப் பிடித்து, தங்கச்சியின் சாறிக்குப் பின்னால் மெதுவாகச் செருகினார். கமராவைத் தொட்டுப் பாராத இரண்டு பேர், நான் இத்தனை காலம் வீடியோ பார்த்துக் கற்றதை எனக்கு முன்னாலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

நான் கண்ணைக் கமராவில் வைத்தேன். பழக்கதோசத்தில் வலப்பக்கமாகக் குந்தப் போனேன்.

"அக்கா, அங்க இல்ல. பின்னுக்குப் போ" என்றாள் தங்கச்சி.

போனேன். குசினிச் சுவரின் ஓரம் உள்ளே வந்தது.

"இன்னும் பின்னுக்கு."

முதுகில் வேலி குத்தும்வரை போனேன். எல்லாம் உள்ளே வந்துவிட்டது. திறந்து கிடந்த முதிரைக் கதவு, சீமெந்துப் பைகள், பூசாத சுவர், எல்லோருடைய தலைக்கும் மேலே பப்பாசி. தங்கச்சி சாறியை ஒதுக்கிக்கொண்டு ஓர் அடி விலகினாள். மாப்பிள்ளையின் இடக்கை வெளியே தெரிந்தது. தாயின் கை மறுபடி அதை நோக்கிப் போனது. பின்னால் தள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே முன்னால் வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்தார்.

வெளிச்சம் படுமோசம். அப்படியே எடுத்தேன்.